பேட்டரித் தண்ணீரில் விரிந்த பவளம்

பாவா,

இன்று காலை அக்கா வீட்டு மாடி அறையில் புது உப்புப் பையைப் பிரித்தேன். நீங்கள் இருந்தபோது வாங்கிவைத்த பைகளில் கடைசியானது போன வாரம்தான் தீர்ந்தது. பிரித்ததும் அந்த வாசனை வந்தது. வாசனை என்று சொல்லலாமா தெரியவில்லை. நாக்கின் பின்பக்கத்தில் படுகிற ஓர் ஈரம், அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே மலை. மலைமேல் கோயில். கீழே மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு தெலுங்கு பேசியபடி இறங்கிவரும் குடும்பங்கள். வெயிலில் காயும் பாறை. திருத்தணியில் கடல் வாசனை வருவதற்கு ஒரு நியாயமும் இல்லை. ஆனாலும் இந்த ஓர் அறையில் வருகிறது.

பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி, உப்பைக் கொட்டி, சின்ன மோட்டாரைப் போட்டேன். பால் மாதிரி கலங்கி, சுற்றிச் சுற்றி, மெல்லத் தெளிந்தது. தெளிகிறவரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது உங்கள் பழக்கம். நானும் உட்கார்ந்தேன். உட்கார்ந்திருக்கையில், உங்களோடு பேசி ரொம்ப நாளாகிவிட்டது என்று தோன்றியது.

நீங்கள் என் அத்தை மகன். பொதட்டூர்பேட்டையில் எங்கள் தெருவும் உங்கள் தெருவும் முதுகோடு முதுகு ஒட்டியவை. இரண்டு தெருவிலும் தறிச் சத்தம் ஓயாது. அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே வளர்ந்ததால் நம் இரண்டு பேருக்கும் மெதுவாகப் பேச வராது என்று அக்கா சொல்வாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர் என்றாலும் சின்ன வயதில் உங்களை வா, போ என்றுதான் கூப்பிட்டேன். அக்காவுக்கும் உங்களுக்கும் கல்யாணமான மறுநாள் நான் “வாங்க பாவா” என்றபோது, திரும்பி உங்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தீர்கள். அந்தச் சிரிப்பு அடங்கவே ஒரு நாள் ஆனது.

எலக்ட்ரீஷியன் படிப்பு முடித்து, அங்கே இங்கே வேலை பார்த்து, கடைசியில் லட்சத்தீவில் ஒரு சின்னத் தீவுக்குப் போனீர்கள். விருந்தினர் விடுதி ஒன்றில் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குழந்தை இல்லாத வீட்டில், படுத்த படுக்கையாக இருந்த அத்தையைப் பார்த்துக்கொண்டு அக்கா இங்கே இருந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை வருவீர்கள். மாசிக் கருவாடு கொண்டுவருவீர்கள். சில வாரம் இருந்துவிட்டுப் போய்விடுவீர்கள். அத்தை போன பிறகு அக்காவையும் கூட்டிப்போவதாகப் பேச்சு இருந்தது. அதற்குள் உங்களுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. கப்பலில் கொச்சிக்கு வந்து, அங்கே ஆஸ்பத்திரியில் படுத்தபோதுதான் தெரிந்தது, ரத்த அழுத்தம் சத்தமில்லாமல் சிறுநீரகம் இரண்டையும் தின்றுவிட்டது என்று.

ஒரே ஒரு பையோடு வந்தீர்கள். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என் பேட்டரிக் கடையைத் திறந்துவைத்துவிட்டு, உங்களை ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். இயந்திரத்தோடு சேர்ப்பதற்காக இடது கையில் ரத்தக்குழாயை இணைத்திருந்தார்கள். ஒருமுறை என் விரலை எடுத்து அந்த இடத்தில் வைத்தீர்கள். தோலுக்கு அடியில் ஏதோ விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. “ஜெனரேட்டர் ஓடுது மச்சான்” என்றீர்கள். அந்த மாதங்களில் நீங்கள் சொன்ன ஒரே வேடிக்கை அதுதான். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீர்கள். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு வைத்துவிட்டார்கள். தாகம் தாங்காதபோது அக்கா ஒரு ஐஸ் துண்டு தருவாள். கண்ணை மூடிக்கொண்டு அதைக் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பீர்கள். கடல் நடுவில் அத்தனை வருஷம் இருந்த மனிதர் ஒரு டம்ளர் தண்ணீருக்காக முழுப் பகலும் காத்திருப்பதைப் பார்க்க எனக்கு முடியாமல் போகும். கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது கடைமுன் வண்டியை நிறுத்தினேன். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரை உள்ளே கேனில் பிடித்துக்கொண்டிருந்தோம். நீங்கள் இறங்கி வந்து, குழாயிலிருந்து விழும் அந்தத் தண்ணீரை ரொம்ப நேரம் பார்த்தீர்கள்.

“இதுல இன்னா கீது மச்சான்?”

“ஒண்ணுமே இல்ல பாவா. உப்பு, சுண்ணாம்பு எல்லாத்தயும் எடுத்துட்டுதான் பேட்டரிக்கு ஊத்தறோம்.”

“ஒண்ணும் இல்லன்னா, இதுல கடல் செய்யலாம்” என்றீர்கள்.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் சொன்னீர்கள். கடல் மீன் தொட்டி வைப்பவர்கள் இந்த மாதிரி வெறும் தண்ணீரில் அதற்கான உப்பைக் கலந்துதான் கடல்நீர் செய்வார்களாம். விடுதிக்கு வந்த ஒருவர் உங்களுக்குச் சொன்னது. அன்று மாலையே மாடி அறையைக் காலி செய்தோம். தொட்டி வந்தது, கல் வந்தது, மணல் வந்தது, நீல விளக்கு வந்தது. இதெல்லாம் எதற்கு என்று அக்கா ஒருமுறை கேட்டாள். நீங்கள் எழுந்து நடமாடுவதைப் பார்த்த பிறகு கேட்கவில்லை.

டயாலிசிஸ் பிரிவில் இருந்த நர்ஸ் அம்மா மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மீன் தொட்டித் தண்ணீரில் கிருமி இருக்கும், ஊசி போடுகிற உடம்பு, நீங்கள் கை வைக்கவே கூடாது. அதனால் கை என்னுடையது, கண் உங்களுடையது என்று ஆயிற்று. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, கொஞ்சம் இடது பக்கம், இன்னும் கொஞ்சம் கீழே என்று சொல்வீர்கள். நான் முழங்கை வரை நனைத்துக்கொண்டு கல்லை நகர்த்துவேன். இரண்டு பேருக்குமே ஒன்றும் தெரியாது. நீங்கள் கடலைப் பார்த்தவர், தொட்டியைப் பார்த்தவர் இல்லை. நான் இரண்டையும் பார்த்தவன் இல்லை. முதலில் வாங்கிய மீன்கள் நம் அறியாமையிலேயே போயின. அதன்பிறகு மாதக்கணக்கில் வெறும் கல்லையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆனால் அந்த வெறும் தண்ணீரே அழகாக இருந்தது. மத்தியான வெயில் ஜன்னல் வழியாக வந்து தொட்டியில் விழுந்தால், அறையின் சுவரெல்லாம் ஒளி நெளியும். உங்கள் வெள்ளைச் சட்டை மேலும் நெளியும். நீங்கள் கண்ணை மூடியிருப்பீர்கள். தூங்குகிறீர்கள் என்று நினைத்து எழுந்தால், “இரு மச்சான்” என்பீர்கள்.

பிறகு பவளம் வளர்க்க ஆசைப்பட்டீர்கள். அதைச் சென்னையில், கொளத்தூர் மீன்கடை ஒன்றில் வாங்கினேன். பண்ணையில் வளர்த்த துண்டுதான் வேண்டும் என்று நீங்கள் பத்துமுறை சொல்லி அனுப்பியிருந்தீர்கள். அந்தத் தீவிலிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்துவராதவர் நீங்கள். தெர்மோகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு லோக்கல் ரயிலில் வந்தேன். எதிரில் இருந்த பூக்கார அம்மா ஐஸ்கிரீமா என்று கேட்டார். கடைக்காரர் அதை லெதர் என்றார், நீங்கள் தோல் பவளம் என்றீர்கள். தொட்டியில் வைத்தபோது வதங்கிய காளான் மாதிரிதான் இருந்தது. கொஞ்ச நாளில் தண்டு நிமிர்ந்தது, தட்டு விரிந்தது. தட்டு முழுக்க அரிசி அளவு மொட்டுகள் எழுந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் பூ மாதிரி எட்டு விரல்கள் விரிந்தன. தண்ணீர் ஓடும் பக்கமெல்லாம் அவை சாய்ந்து சாய்ந்து ஆடின. நெல்வயல் மாதிரி கீது என்று நான் சொன்னேன். “செடின்னு நெனைக்காத. அது பிராணி. நம்மள மாதிரி பசி எடுக்கும்” என்றீர்கள். அன்று இரவு நீங்கள் நன்றாகச் சாப்பிட்டதாக அக்கா போனில் சொன்னாள்.

சித்திரை வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாறை சூழ்ந்த நம் ஊரில் அது மேலிருந்து மட்டும் வருவதில்லை, நான்கு பக்கமிருந்தும் வரும். தண்ணீரை ஆற்றத் தொட்டிமேல் மின்விசிறி வைத்திருந்தோம். அக்கா பாட்டிலில் தண்ணீர் உறைய வைப்பாள், அதை மிதக்கவிடுவோம். ஃபிரிட்ஜின் மேல்தட்டில் உங்கள் ஐஸ் துண்டுகளும் பவளத்தின் ஐஸ் பாட்டில்களும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். அப்படி இருக்கும்போதுதான் தெரு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனது. மறுநாள் மாலைவரை மின்சாரம் வரவில்லை. கடையிலிருந்து பேட்டரிகளை ஆட்டோவில் ஏற்றிவந்து மாற்றி மாற்றிப் போட்டேன். மோட்டார் ஓடியது. ஆனால் ஃபிரிட்ஜ் நின்று ஐஸ் கரைந்தது, அறை கொதித்தது, தண்ணீர் குளிக்க வைத்த வெந்நீர் மாதிரி ஆகிவிட்டது. ஊருக்கெல்லாம் இன்வெர்ட்டர் விற்கிற என்னால் ஒரு தொட்டியைக் காப்பாற்ற முடியவில்லை.

மின்சாரம் வந்தபோது பவளம் தன் கல்மேல் சரிந்து கிடந்தது. தட்டின் ஓரம் கறுத்திருந்தது. மொட்டு ஒன்றுகூட வெளியே இல்லை. அடுத்தடுத்த நாட்களில் கறுப்பு உள்ளே ஏறியது. பக்கத்தில் போனாலே ஓர் அழுகல் வாடை. நீங்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டீர்கள். பிறகு மாடிக்கு வருவதையே நிறுத்தினீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட வந்த காலையில், “இன்னிக்கு வேணாம் மச்சான்” என்றீர்கள். உடம்பு அசதி என்று நினைத்தோம். அடுத்த நாள் மத்தியானம் கால் வீங்கி, படுக்க முடியாமல், உட்கார்ந்தபடி மூச்சுக்குத் திணறினீர்கள். ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவசரமாக இயந்திரத்தில் சேர்த்து, நீரை இறக்கி, உயிரை மீட்டார்கள். இன்னொருமுறை இப்படிச் செய்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னார். நீங்கள் தலையாட்டினீர்கள். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டீர்கள்.

இந்த இடத்தில் உங்களுக்குத் தெரியாமல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பாதி உங்களுக்குத் தெரியும்தான். சமையலறையில் அக்கா என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“அது செத்துப்போச்சுன்னு அவரு முடிவு பண்ணிட்டாரு தம்பி. இவரும் போறதுக்கு ரெடியாய்கினு கீறாரு. அதே மாதிரி ஒண்ணு வாங்கிகினு வா. நாளைக்கு நான் ஆட்டோல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிம்போறேன். வர்றதுக்குள்ள மாத்தி வெச்சுடு.”

கண்டுபிடித்துவிடுவார் என்றேன். பிடிக்கட்டும், உசுரோடு இருந்தால்தானே கண்டுபிடிப்பார் என்றாள்.

விடிந்ததும் சென்னைக்குப் போனேன். அதே கடையில், கிட்டத்தட்ட அதே அளவில் ஒன்று இருந்தது. கடைக்காரர் அதைப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது, பழையதற்கு என்ன ஆனது என்று கேட்டார். சொன்னேன். ஏன் தூக்கிப் போடுகிறீர்கள், அது சுலபத்தில் சாகாத ஜாதி ஆயிற்றே என்றார். அழுகிய பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல சதையைச் சிறு துண்டுகளாக்கி, அயோடின் கலந்த தண்ணீரில் முக்கி, ஒவ்வொன்றையும் கல்லோடு கட்டிவைத்தால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது. நல்ல ஓட்டம் இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். அப்புறம் அதைச் சும்மா விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் என்றார். ரயிலில் வரும் வழியெல்லாம் அதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு பொய்யை மடியில் வைத்துக்கொண்டு, வேறு ஏதோ ஒன்றைத் தலைக்குள் வைத்துக்கொண்டு வருவதுபோல் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் அக்கா படியில் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் ஆட்டோவில் ஏற மறுத்துவிட்டீர்கள். மேலே, சரிந்து கிடந்த பவளத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். கடைசியாகப் பார்த்துக்கொள்ள ஏறினீர்களோ என்னவோ. என் கையில் இருந்த தெர்மோகோல் பெட்டியைப் பார்த்தீர்கள். என் முகத்தைப் பார்த்தீர்கள்.

“உங்க அக்கா சொன்னாளா?”

“ஆங்.”

கோபப்படுவீர்கள் என்று நின்றேன். உங்கள் உதடு கோணியது. சிரிப்பு என்று புரிய எனக்கு நேரமானது. நீங்கள் தீவிலிருந்து வந்த பிறகு அக்கா உங்களை ஏமாற்றப் பார்த்தது அதுதான் முதல்தடவை என்றீர்கள். இவ்வளவு தூரம் யோசித்திருக்கிறாளே என்றீர்கள்.

நான் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, கடைக்காரர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். வெட்டினால் தாங்குமா என்றீர்கள். தெரியாது, வெட்டாவிட்டால் தாங்காது என்றேன். அப்படியென்றால் வெட்டு என்றீர்கள். அந்த நிமிஷத்தில் எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது என்று இன்றும் தெரியவில்லை.

“கையி என்னுது பாவா. நீங்க இன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தாதான் நாளைக்கு நான் வெட்டுவேன். இல்லன்னா அது அப்படியே கெடக்கட்டும்.”

நீங்கள் பவளத்தை ஒருமுறை பார்த்தீர்கள். பிறகு எழுந்து, சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டேன். மத்தியானத்துக்கு மேல் ஓர் இடம் இருப்பதாகச் சொன்னார்கள். படியில் உட்கார்ந்திருந்த அக்காவைத் தாண்டி இறங்கும்போது, அவள் தலையில் ஒரு நொடி கை வைத்துவிட்டு இறங்கினீர்கள். அதை நான் பார்த்தது உங்களுக்குத் தெரியாது.

மறுநாள் வெட்டினேன். ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிய கையுறையைப் போட்டுக்கொண்டு, தட்டில் அதை எடுத்து வைத்தபோது சளி மாதிரி வழிந்தது. வாடை தாங்கவில்லை. புது பிளேடை வைத்து அழுத்தினால், மேலே கறுப்பும் குழகுழப்பும். உள்ளே போகப்போக மாங்காய்ச் சதை மாதிரி கெட்டியாக, வெளுத்து, சுத்தமாக இருந்தது. “அங்க நல்லா கீது, அத வுட்டுடு” என்று நீங்கள் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். முந்தின நாள் இயந்திரத்தில் கிடந்த அசதி உங்கள் கண்ணில் இருந்தது, ஆனால் குரலில் இல்லை. கடைசியில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போயிற்று. அடித்தண்டும், மூன்று நான்கு சின்னத் துண்டுகளும் மிஞ்சின.

கட்டும்போதுதான் சிக்கல். துண்டைக் கல்மேல் வைத்து நூலைத் தளர்த்தியாகச் சுற்றினால் வழுக்கியது, இறுக்கினால் சதையை அறுத்தது. பேட்டரி டெர்மினல் முறுக்குகிற என் கைக்கு அது வரவில்லை. இரண்டாவது துண்டும் என் கையில் அறுந்தபோது, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா உள்ளே வந்து, தள்ளு என்றாள். அதுவரை அந்தத் தொட்டிப் பக்கம் ஐஸ் பாட்டில் வைப்பதற்குத் தவிர வராதவள். கையுறையை மாட்டிக்கொண்டு, துண்டை நோகாமல் எடுத்து, சின்ன வயதில் தறியில் அறுந்த இழையைக் கட்டியது மாதிரி ஒரு சுற்று, ஒரு முடிச்சு. கீழே வைத்தாள். துண்டு அசையவில்லை, அறுபடவும் இல்லை. நீங்கள் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டு, “இது பொழைக்கலன்னா எங்க ரெண்டு பேரையும் கேக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள். உங்களுக்கு வேண்டியது அந்த அதட்டல்தான்போல. அன்று சாயங்காலம் காபி கேட்டீர்கள்.

அதன் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. அந்த ஒன்றுமே நடக்காத வாரங்கள்தான் இப்போது நினைவில் அதிகமாக இருக்கின்றன. மோட்டார் மெல்ல உறுமும். தண்ணீர் ஓடும். துண்டுகள் கல்லோடு கல்லாகக் கிடக்கும். ஒன்று கரைந்துபோனது. புதிதாக வாங்கிவந்தது மறுபக்கம் பூத்துக் குலுங்கியது, அதை நீங்கள் விருந்தாளி என்றீர்கள். ஆடி வந்தது. காவடிக் கூட்டத்தின் மேளச் சத்தம் நாளெல்லாம் மலையடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. பாறைகளில் மோதி மோதி அறைக்குள் வரும்போது அது ஏதோ தூரத்து அலைச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் கண்ணை மூடியபடி தீவுக் கதை சொல்வீர்கள். கடல் வற்றும் நேரத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்துபோனால், ஓரிடத்தில் பாறை திடீரென்று முடிந்து, காலடியில் நீலம் மட்டும் இருக்குமாம். அந்த விளிம்பில் நின்றால் கடல் மூச்சு விடுவது காலில் தெரியுமாம். கிளிமீன் ராத்திரியில் தன்னைச் சுற்றித் தானே ஒரு பை செய்துகொண்டு அதற்குள் தூங்குமாம். ஜெனரேட்டரைக் குளிர்விக்கக் கடல்நீர் போகும் குழாயில் ஒரு பேய்க்கணவாய், அந்த எட்டுக்கை ஆக்டோபஸ், குடியிருந்ததாம், அதற்காக நீங்கள் இரண்டு வாரம் குழாயைச் சுத்தம் செய்யாமல் தள்ளிப்போட்டீர்களாம். இதையெல்லாம் அக்காவிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று ஒருமுறை கேட்டேன். இல்லை என்று தலையாட்டினீர்கள். அவள் என் அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை, அப்போது நான் மீன் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது என்றீர்கள்.

துண்டுகளின் மேல் மெழுகு மாதிரி ஒரு தோல் படர்ந்தது. செத்துவிட்டது என்று நான் பயந்து, தேய்த்து எடுக்கக் கையை விட்டேன். நீங்கள் தடுத்தீர்கள். கடைக்காரருக்குப் போன் செய்தோம். சட்டை உரிக்கிறது, விட்டுவிடுங்கள் என்றார். சில நாளில் அந்தத் தோல் ஓரத்தில் கிழிந்து, ஓட்டத்தில் படபடத்து, கழன்று போனது. உள்ளே புதுத் துணி மாதிரி மழமழவென்று இருந்தது.

ஒரு காலையில் நான் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள். வா என்று மட்டும் சொன்னாள். ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தேன். மாடி அறையில் நீங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். ஐஸ் பாட்டிலை மாற்ற வந்த அக்காதான் முதலில் பார்த்திருக்கிறாள். அடித்தண்டின் உச்சியில், வெட்டிய தழும்புக்குப் பக்கத்தில், மூன்றோ நான்கோ மொட்டுகள். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவற்றில் ஒன்று விரல்களை விரித்தது. விரித்து, யோசித்து, பாதி மூடி, மறுபடி விரித்தது. உங்கள் ஊசி போடும் கை அக்காவின் மடியில் இருந்தது. அவள் அதன்மேல் தன் கையை வைத்திருந்தாள். அந்த அதிர்வு அவளுக்கு அப்போது தெரிந்திருக்கும்.

அதன்பிறகு நீங்கள் ஒருமுறைகூட ஆஸ்பத்திரிக்குப் போகத் தவறவில்லை. பவளம் பழைய அளவுக்கு வந்தது. கட்டிய துண்டுகளும் வேர்கொண்டு, நூல் சதைக்குள் மறைந்துபோயிற்று. ஆனாலும் உங்கள் நெஞ்சு அதிக நாள் தாங்கவில்லை. தை மாதத்தில் ஒரு காலை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சட்டை போட்டுக்கொண்டு, வண்டி வரட்டும் என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் வந்தபோது செருப்புகூட மாட்டியிருந்தீர்கள். வந்தவர்கள் எல்லாம் கீழே அழுதுகொண்டிருந்தார்கள். மின்விசிறி போட வேண்டுமே என்று மாடிக்குப் போனேன். அது முழுக்க விரிந்து, ஒன்றும் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தது. அதன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அப்புறம் அந்த அறையிலேயே உட்கார்ந்துதான் நானும் அழுதேன்.

காரியம் முடிந்ததும் தொட்டியைக் கொளத்தூர் கடைக்கே கொடுத்துவிடலாம் என்று சொன்னேன். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். இப்போது பெரும்பாலும் அவளே தண்ணீர் மாற்றுகிறாள், அவளே உப்பு அளக்கிறாள். நான் கடையை மூடிவிட்டு வரும் வழியில் கேனில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பேன். ஒருநாள் அப்படி வைத்துவிட்டுக் கிளம்பும்போது, என்னைப் பார்க்காமல் கேட்டாள். அவர் மத்தியானமெல்லாம் இங்கே உட்கார்ந்து உன்கிட்ட இன்னா சொல்லிகினு இருந்தாரு என்று.

அன்றிலிருந்து சாயங்காலங்களில் சொல்கிறேன், பாவா. நீங்கள் சொல்லக் கூச்சப்பட்டதை எல்லாம் சொல்கிறேன். பாறை முடிகிற விளிம்பு, கிளிமீனின் பை, குழாயில் குடியிருந்த பேய்க்கணவாய். அவள் கோபப்படவில்லை. நீங்கள் நினைத்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. அந்தப் பேய்க்கணவாய்க்காகக் குழாயைச் சுத்தம் செய்யவில்லை என்றதும், அவரு அப்படித்தான் என்று சிரித்தாள். நான் பார்க்காத ஒரு கடலை உங்கள் குரலோடு தலைக்குள் வைத்துக்கொண்டு நடக்கிறேன். கடையில் ஆசிட் வாடைக்கு நடுவில்கூட அது இருக்கிறது. அதை அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுக்கிறேன். தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரே கதையை இரண்டு சாயங்காலத்துக்கு இழுப்பதும் உண்டு.

போன வாரம், மிஞ்சியிருந்த ஒன்றையும் சொல்லிவிட்டேன். மழைக்காலத்தில் கப்பல் வராத நாட்களில், படகுத்துறையின் கடைசிப் பலகையில் நின்றால்தான் உங்கள் போனில் சிக்னல் வரும் என்பீர்களே, அது. அக்காவிடம் பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் லைன் அறுந்துவிடும். அவள் இங்கே வைத்துவிடுவாள். நீங்கள் அங்கே வைக்கமாட்டீர்கள். சொல்ல வந்த மீதியை, மழையில் நனைந்தபடி, தண்ணீரைப் பார்த்துச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அறைக்குப் போவீர்கள்.

அக்கா நீல வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“அந்த மீதி இன்னான்னு சொன்னாரா?”

நீங்கள் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தெரியாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னார் என்றேன். வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. இங்கே ரெண்டு நாளாக மழை. நீ சாப்பிட்டியா. அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது உன் இடுப்பைப் பார்த்துக்கோ. இப்போது பலகைக்குக் கீழே ஒரு மீன் வந்திருக்கிறது, உதட்டில் மட்டும் நீலம், உனக்குக் காட்ட வேண்டும்போல் இருக்கிறது. இப்படியே சொல்லிக்கொண்டு போனேன். உங்கள் குரலில், நீங்கள் நிறுத்துகிற இடங்களில் நிறுத்தி.

அக்கா அசையாமல் கேட்டாள். நான் முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விளக்கை அணைக்க எழுந்தாள்.

“சரி. மறுபடி லைன் அறுந்த அன்னிக்கு இன்னா சொன்னாரோ, அத நாளைக்குச் சொல்லு” என்றாள்.